ஆட்டுக்கு வைட்டமின் சி பொடி வேண்டாம், மீனுக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடைக்கால வைட்டமின் சி பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த பட்டியல் ஆடு, மாடு, வளர்ப்பு மீன் மூன்றுக்கும் ஒரே பொடியைச் சொல்கிறது. பலா இலை தின்னும் நம் மாவட்டத்து ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்ளும்; மாடும் அப்படியே. வாய்வழியே கொடுக்கும் பொடியில் பெரும்பகுதியை அசைபோடும் வயிற்றின் நுண்ணுயிர்கள் அழித்துவிடும். காசுக்குத்தான் கேடு. மூன்று வாரம் ஆகாத கன்றுக்கு இந்தத் திறன் முழுதாக வந்திருக்காது. அதற்கும் முதலில் வேண்டியது வயிறார சீம்பால்.

கல்லீரல் அதைச் செய்யும் விதம் இது: குளுக்கோஸிலிருந்து வரும் குளுக்குரோனிக் அமிலம் ஒடுக்கமடைந்து குலோனிக் அமிலம் ஆகிறது. இந்தச் சர்க்கரை அமிலம்தான் முச்சந்தி. ஒரு நீர் மூலக்கூறை இழந்து வளையமாக மூடினால் அது குலோனோலாக்டோன். குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனைக் கொண்டு அதை மாற்ற, விளைபொருள் தானாகவே அஸ்கார்பிக் அமிலமாக, அதாவது வைட்டமின் சி-யாகத் திரும்பும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும்.

மனிதனுக்கும் கினிப் பன்றிக்கும் இல்லாதது அந்தக் கடைசி நொதி மட்டுமே. குலோனிக் அமிலம் நம் உடலிலும் உண்டாகிறது; ஆனால் சைலுலோஸ், சைலிட்டால் என்று வேறு வழியில் போய்விடுகிறது. அந்த வழியிலும் ஒரு நொதி குறைந்த சிலருக்குச் சிறுநீரில் எல்-சைலுலோஸ் கழியும். தீங்கில்லாத நிலைதான், ஆனால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பெனடிக்ட் கரைசல் நிறம் மாறுவதைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்துவிடுவதுண்டு.

கோழிக்கு வைட்டமின் சி செய்யும் வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது. கடும் வெயிலில் அது போதாமல் போகலாம் என்பதால் பிராய்லர் தீவனத்தில் கிலோவுக்கு 200 முதல் 250 மி.கி. வரை சேர்ப்பதில் நியாயம் உண்டு.

மீன் விஷயம்தான் முக்கியம். தூத்தூர்க்காரர்கள் பிடிக்கும் சுறாவுக்குச் சிறுநீரகத்தில் அந்தக் கடைசி நொதி இருக்கிறது. சாளைக்கும் வளர்ப்பு மீனான திலேப்பியாவுக்கும் இல்லை. மண்குளத்தில் பாசியும் மிதவை உயிரிகளும் ஓரளவு ஈடுகட்டும். தார்ப்பாய்த் தொட்டியில் வளரும் மீனுக்குத் தீவனத்தை விட்டால் வேறு வழியில்லை. வைட்டமின் சி குறைந்தால் முதுகெலும்பு பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ வளையும், செவுள் மூடி உருக்குலையும், புண் ஆறாது. வளைந்த முதுகு பிறகு நிமிராது.

திலேப்பியாவுக்குக் கிலோ தீவனத்தில் 50 மி.கி. இருந்தால் போதும், அது மீனின் வாய்க்குப் போய்ச் சேருகிற அளவாக இருக்க வேண்டும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் குச்சித் தீவனம் பிழியும்போது சூட்டிலும் ஈரத்திலும் கெடும். தாது உப்புக் கலவையின் தாமிரமும் இரும்பும் அதை இன்னும் வேகப்படுத்தும். மிச்சமிருப்பது மூட்டையில் கிடக்கையில் குறையும். பாஸ்பேட் சேர்ந்த வைட்டமின் சி இவற்றைத் தாங்கும், மீனின் குடலில் பிரிந்து பயன்படும். வாங்குகிறவர்கள் மூட்டை லேபிளில் அந்தப் பெயரையும் தயாரிப்புத் தேதியையும் பார்க்க வேண்டும்.

பட்டியலில் ஆடு, மாடு வரிகளை நீக்கி, மீனுக்கு ‘பாஸ்பேட் வடிவம்’ என்று திருத்தி மறுபடி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்