ஸ்மார்ட் வாட்ச் பெட்டியில் இல்லாத ஒரு தேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினாலே நாளிதழ்களில் முழுப்பக்க அளவில் வரத் தொடங்கிவிடும் "பழைய ஸ்மார்ட் வாட்சைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பெற்றுச் செல்லுங்கள்" என்ற அழைப்புகளில் ஒன்றை நம்பி, சென்ற ஆடித் தள்ளுபடியின்போது கடை ஏறி இறங்கியவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு ஸ்மார்ட் வாட்சுக்கு எந்த மாதம், எந்த ஆண்டு வரை மென்பொருள் அப்டேட் கிடைக்கும் என்பதை, விலை அச்சிடப்படும் அதே இடத்தில் பெட்டியின் மீது அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காப்பீட்டுத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி 2020-இல் ஓய்வு பெற்ற எனக்கு, அப்போது மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச்தான் இத்தனை நாளும் கையில் இருந்தது. காலையில் நான்கு உத்திர வீதிகளையும் சுற்றி வரும்போது எத்தனை அடி நடந்தேன் என்று கணக்கு வைப்பதும், நாடித்துடிப்பு அளவுக்கு மீறிக் கூடினால் மணிக்கட்டில் தட்டிச் சொல்வதும், நான் கீழே விழுந்துவிட்டால் வெளியூரில் இருக்கும் மகனுக்குத் தகவல் அனுப்புவதும் அதன் வேலைகள். தனியாக வசிக்கும் 65 வயதுப் பெண்ணுக்கு இது ஆடம்பரப் பொருள் அன்று என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். முதலில் ஒன்றரை நாள் நின்ற சார்ஜ், இந்த ஆண்டு தொடக்கத்தில், நடந்து முடித்து வீட்டுக்கு வந்து காபிக்குப் பால் வைப்பதற்குள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது, கைபேசியில் உள்ள அதன் செயலி ஒரு நாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, இந்தக் கடிகாரத்துக்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டது. சேவை மையத்தில் இருந்தவர் கடிகாரத்தைத் திருப்பி அதன் பின்புற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு பேட்டரி வருவதே இல்லைம்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார்.

கடையில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. தள்ளுபடி விலையில் இருந்த ஒரு மாடலைக் காட்டி, "இதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கேட்டேன். "ஒரு வருஷம் வாரன்டி இருக்கு மேடம்" என்றார் விற்பனையில் இருந்த இளைஞர். நான் கேட்டது வாரன்டி அல்ல என்று விளக்கியதும், பெட்டியை ஆறு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகபட்ச சில்லறை விலை இருந்தது, தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருந்தன, இறக்குமதி செய்தவரின் முகவரியும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் இருந்தன. நான் கேட்டது மட்டும் இல்லை. பாவம், தன் சொந்தக் கைபேசியை எடுத்துப் பத்து நிமிடம் தேடிய பிறகுதான், அந்த மாடல் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதும், அப்டேட்டுக்கான காலம் அன்றிலிருந்தே கழியத் தொடங்கிவிட்டது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியவந்தன. போதாக்குறைக்கு, என் கைபேசியின் இயங்குதளம் பழையது என்பதால் அந்தக் கடிகாரம் அதனுடன் இணையாது என்றும் தெரிந்தது. அதாவது, கடிகாரம் மாற்றப் போனவள் கைபேசியையும் சேர்த்து மாற்றியாக வேண்டும்.

இதை அந்தக் காலத்துச் சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் புலம்புவது என் நோக்கம் அன்று. மணி மட்டும் காட்டுகிற பொருளும் இதயத் துடிப்பைக் கவனிக்கிற பொருளும் ஒன்றல்ல, பின்னதற்கு மென்பொருள் வேண்டும், மென்பொருளுக்கு ஓர் ஆயுள் உண்டு என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பணியில் இருந்தவரை, முதிர்வுத் தேதியைக் குறிக்காமல் ஒரு பாலிசியைக்கூட யாரிடமும் நீட்டியதில்லை. அந்தத் தேதியும் வாங்கியவர் பணம் கட்டிய நாளை ஒட்டிக் கணக்கிடப்படுமே தவிர, அந்தத் திட்டத்தை நிறுவனம் அறிமுகம் செய்த நாளிலிருந்து அல்ல. ஸ்மார்ட் வாட்ச் விற்பனையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூகுள் நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட பிக்சல் வாட்ச் 2-க்குக் குறைந்தது 2026 அக்டோபர் வரை அப்டேட் உண்டு என்று தன் இணையதளத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். என்றாலும், அதே கடிகாரத்தை 2025 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியவருக்கு உறுதியாகக் கிடைப்பது ஏறத்தாழ ஓராண்டுதான். மலிவு விலைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கணக்கை அவரிடம் யார் சொல்வார்கள்?

ஆப்பிள் நிறுவனத்தின் சீரிஸ் 3 இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். 2017 செப்டம்பரில் வெளிவந்த அந்தக் கடிகாரம் விலை குறைந்த மாடலாக 2022 செப்டம்பர் வரை விற்பனையில் இருந்தது. ஆனால் ஆப்பிள் கடிகாரங்களுக்கான இயங்குதளத்தில் அடுத்து வரவிருந்த வாட்ச் ஓ.எஸ். 9 அதில் இயங்காது என்பது 2022 ஜூன் மாதமே அறிவிக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் அதை வாங்கியவர்கள், அடுத்த பெரிய அப்டேட் வராது என்று முடிவாகிவிட்ட பொருளைப் புதுப் பொருளாக நினைத்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள். பின்னர் 2024-இல் வந்த வாட்ச் ஓ.எஸ். 11, சீரிஸ் 4, சீரிஸ் 5 ஆகியவற்றையும் முதல் எஸ்.இ. மாடலையும் ஒரே வீச்சில் கைவிட்டது. சீரிஸ் 4 அறிமுகமானது 2018-இல், எஸ்.இ. அறிமுகமானது 2020-இல் என்பதைக் கவனித்தால், முந்தையதற்கு ஆறு ஆண்டுகளும் பிந்தையதற்கு நான்கே ஆண்டுகளும் கிடைத்தன என்பது விளங்கும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இப்படி என்றால், வாங்குபவர் எதை வைத்துக் கணிப்பது?

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் வரை நிற்கும்படி தன் கடிகார பேட்டரி வடிவமைக்கப்பட்டுள்ளதாக ஆப்பிள் கூறுகிறது. தினமும் ஒரு முழுச் சார்ஜ் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆயிரம் மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். எனவே அப்டேட் தேதியோடு, பேட்டரி எதுவரை மாற்றித் தரப்படும் என்ற தேதியும் அருகில் இருந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

நிறுவனமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்போரும் உண்டு. 2012-இல் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டித் தொடங்கிப் புகழ்பெற்ற பெப்பிள் கடிகாரத்துக்கு அதுதான் நேர்ந்தது. 2016 டிசம்பரில் அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூன் 30-உடன் சேவைகள் நிறுத்தப்பட்டன. அதன்பின் அந்தக் கடிகாரங்களை ஓட வைத்தவர்கள் ரெப்பிள் என்ற பெயரில் கூடிய ஆர்வலர்கள். விதியால் இத்தகைய முடிவுகளைத் தடுக்க முடியாதுதான். ஆனால் எல்லா நிறுவனங்களும் மூடப்போவதில்லை, நடந்துகொண்டிருக்கும் நிறுவனங்களைப் பற்றியே நான் பேசுகிறேன்.

இது நடக்காத காரியமும் அல்ல. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்தோடு இணையும் பொருள்களைத் தயாரிப்பவர்கள் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் வழங்குவார்கள் என்பதை வெளியிட்டாக வேண்டும் என்கிறது. பெட்டியின் மீதே அச்சிட வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. நாம் அதையும் ஒரு படி தாண்டலாம். நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் இருப்பதால்தான் விலையும் தயாரிப்பு மாதமும் அந்தப் பெட்டியில் இருந்தன. அதே விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அந்த முயற்சியில் கைபேசிகளும் மின்னணுப் பொருள்களும் சேர்க்கப்பட்டிருக்கும்போது, ஸ்மார்ட் வாட்சுக்குத் தனியாக யாரும் புதிதாகப் பாதை போட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. ஒரு கருவி எத்தனை நாள் வேலை செய்யும் என்பதைவிடத் தரத்துக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

நான் அன்று எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் என் பழைய கடிகாரத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு, அதற்காக நான் முன்பு தனியாக வாங்கிய பட்டையின் விலைக்குக்கூட வரவில்லை என்பது வேறு விஷயம். இப்போது அதைக் காலை நடைக்கு மட்டும் கட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் சார்ஜரிலேயே வைத்திருக்கிறேன்.

தங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழில் புதிய மின்னணுக் கருவிகளைப் பற்றிய அறிமுகங்கள் வெளிவரும்போது விலை, திரையின் அளவு, கிடைக்கும் நிறங்கள் எல்லாம் தவறாமல் இடம்பெறுகின்றன. அரசின் விதி வரும்வரை காத்திராமல், அந்தக் கருவிக்கு எதுவரை அப்டேட் கிடைக்கும் என்ற தேதியையும் அங்கே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்றும், நிறுவனம் அதைத் தெரிவிக்கவில்லை என்றால் தெரிவிக்கவில்லை என்பதையே அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஸ்ரீரங்கம், திருச்சி