மரத்துப்போன தோலில் ஒட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் வரும் நரம்பு வலியை, தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் கருவி குறைக்கும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் பட்டைகளை ‘வலிக்கும் இடத்தில்’ ஒட்டவேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டதே அந்த வரியில்தான்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்த ஏழாவது வருடம் எனக்கு விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்தன. அப்புறம் தோளிலிருந்து கை முழுக்கச் சுரீர் சுரீரென்று இழுப்பு. சட்டைப் பித்தானைப் போடக்கூட முடியாது. “சிகிச்சை எப்போதோ முடிந்துவிட்டதே, எல்லாம் மனசுதான்” என்றார் ஒரு மருத்துவர். கதிர்வீச்சு பட்ட இடத்தில் தழும்பு மெல்ல இறுகி, கைக்குப் போகும் நரம்புக் கற்றையை நெரிக்க வருடக்கணக்கில் ஆகலாம் என்று இன்னொருவர்தான் விளக்கினார். நோய் திரும்பியிருந்தாலும் இப்படி வலிக்கலாம் என்பதால், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சே பேசினார்.

கருவியை நானே வாங்கி மேல்கையில் ஒட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பட்டையை உரித்தபோது தோல் செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. எனக்கு எரியக்கூட இல்லை.

பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டு, உணர்ச்சி நிற்கும் எல்லையைப் பேனாவால் கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, உணர்ச்சி நன்றாக இருந்த தோளின் பின்பக்கம் ஒட்டினார். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலிக்கான கதவு பாதி சாத்திக்கொள்ளும் என்பது 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கருத்து. தொட்டாலே தெரியாத இடத்தில் மின்சாரம் கொடுத்து எந்தக் கதவைச் சாத்துவது?

இப்போது நொடிக்கு 80 முதல் 100 மின்துடிப்பு, அரைமணி நேரம். வலி போய்விடவில்லை, மாத்திரையையும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு மணி நேரமாவது கை என் பேச்சைக் கேட்கிறது. எல்லாருக்கும் இப்படிக் கேட்கும் என்று சொல்லமாட்டேன்.

வலியைக் குறைக்கத் தண்டுவடத்தில் பொருத்தும் மின்கருவியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை நிரந்தரமாகப் பொருத்துமுன் சில நாள் வெளியிலிருந்தே இயக்கிப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். அந்தக் கருவியோடு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். ஸ்கேன் எங்களை விடுவதில்லையே!

இன்னொன்று. கட்டுரைக்குப் போட்ட படத்தில் ஒரு பெண் கழுத்தின் முன்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறார். அங்கே ஒட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கருவியைத் தொடவும் கூடாது. அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி