நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முதல் தேர்வின் ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் அறை வாசலில் கூட்டம் குறையவில்லை. வந்தவர்களில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், இந்த மார்க்குக்கு நர்சிங் கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் நேரில் பதில் சொன்னேன். ஆனால் வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடுகிறது, மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் அல்சூரிலிருந்து வந்த ஒரு மாணவி, நர்சிங் படிக்க ஆசை என்று மார்க் கார்டை நீட்டினாள். கீழே இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தேன். 600-க்கு 266. 45 சதவீதம் கூட வரவில்லை. "பி.எஸ்சி. நர்சிங் கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் எதுவும் பேசாமல் மார்க் கார்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதமே அம்மாவோடு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு வருடம் கழித்து ஒரு சான்றிதழ் வாங்க வந்தபோது அதே மார்க் கார்டு மறுபடி என் மேஜைக்கு வந்தது. மடிப்புகள் கிழிந்திருந்தன. இந்தத் தடவை வரிவரியாகப் பார்த்தேன். இயற்பியல் 41, வேதியியல் 44, உயிரியல் 58. கூட்டினால் 143. தேவைப்பட்டது 300-க்கு 135 தான். அவளைத் திருப்பி அனுப்பிய அன்றே அவளிடம் எட்டு மார்க் அதிகமாக இருந்திருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது மொத்த மார்க்கை அல்ல. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து 45 சதவீதம் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40 சதவீதம். ஆங்கிலத்தில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் 35 வாங்கியதும், மொழிப் பாடத்தில் சறுக்கியதும் இந்த 45-க்குள் வராது. எனவே தயவுசெய்து இன்றே மார்க் கார்டை எடுத்து அந்த மூன்று வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

கூட்டியும் 135 வரவில்லையா? இன்னும் வழி இருக்கிறது. கர்நாடகத்தில் இப்போது ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பி.யூ. தேர்வுகள் நடக்கின்றன. பாஸ் ஆனவர்களும் மார்க்கைக் கூட்டிக்கொள்ள அடுத்த தேர்வை எழுதலாம். எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம், குறைந்தால் பழைய மார்க் போய்விடாது. வேதியியலில் 38 வாங்கிய பிள்ளை 50 வாங்குவது நடக்காத காரியமில்லை. "ஒரு தடவை எழுதியாச்சு, போதும்" என்று பெற்றோரே சொல்லிவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் ஜி.என்.எம். பொது நர்சிங்கும் பிரசவ கால உதவியும் சேர்ந்த மூன்று வருட டிப்ளமோ. இதற்கு அறிவியல் குரூப் கட்டாயமில்லை. காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்களும் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு அளவில் 40 சதவீதமும், ஆங்கிலத்தில் தனியாக 40-ம் வேண்டும். முடித்தவர்கள் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு நர்ஸாக வேலை பார்க்கலாம். பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருடம் படித்தால் பட்டமும் கையில் வந்துவிடும். என் மாணவி கடைசியில் போனது ஜி.என்.எம்.முக்குத்தான். இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் இருக்கிறாள். அவள் இழந்த இரண்டு வருடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

பையன்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "நர்சிங் பொம்பளப் புள்ளைங்க படிப்பு மேடம்" என்று இரண்டு அப்பாக்கள் சொன்னார்கள். பெங்களூரில் எத்தனையோ கல்லூரிகளில் பையன்கள் படிக்கிறார்கள். ஐ.சி.யூ.விலும் கேஷுவல்டியிலும் போய்ப் பாருங்கள், தெரியும்.

சேர்வதைவிட உள்ளே போய் நிலைப்பதுதான் சிரமம். உள்ளே போக 45 போதும். உள்ளே போன பிறகு தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 எடுத்தால்தான் பாஸ். முதல் வருடத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல் என்று கனமான பாடங்கள், எல்லாமே ஆங்கிலத்தில். மார்க் குறைவாகச் சேர்ந்த நம் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். அறிவு இல்லாமல் அல்ல, வேகமாக வாசிக்கும் பழக்கம் இல்லாததால்.

போன மாதம் அந்த மாணவியே வந்து நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாள்: ஆயிரம் மில்லி சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? வகுப்பே அமைதி. ஆயிரத்தை இருபதால் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தாள். 42 என்று எழுதி வட்டம் போட்டாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி முன் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்து, தான் மேஜையில் விரலால் தட்டுவதை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னாள். "கணக்கு வராதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். இப்போ தினமும் இதுதான் போடறேன்" என்றாள். கணக்கில் 35 வாங்கிய பிள்ளைகள் நோட்டில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததை நான் பின் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறக்கும் வரை இருக்கும் இந்த மாதங்களைப் பிள்ளைகள் வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரியல் புத்தகத்தில் மனித உடல் பற்றிய பாடங்களை ஆங்கிலத்தில் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு பலமும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடையில் உருது, தெலுங்கு என்று வளர்ந்தவர்கள். வலியில் இருக்கும் ஒரு பாட்டியிடம் அவர் மொழியிலேயே "எங்கே வலிக்குது?" என்று கேட்க முடிவது இந்த ஊர் வார்டுகளில் சின்ன விஷயமில்லை.

இனி ஏஜென்ட் விஷயம். போன வருடம் நம் பெற்றோர் ஒருவர், "மார்க் பிரச்சனையே இல்லை, சீட் கன்ஃபர்ம்" என்ற பேச்சை நம்பி 40,000 ரூபாய் முன்பணமும், மகளின் ஒரிஜினல் மார்க் கார்டும் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது இல்லை. மார்க் கார்டைத் திரும்ப வாங்க அவர் மூன்று மாதம் நடந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், நடந்த நாளெல்லாம் வருமானம் இல்லாத நாள். தகுதி மார்க்குக்குக் கீழே இருப்பவரை யாராலும் சட்டப்படி சேர்க்க முடியாது. சேர்த்தாலும் பின்னால் பதிவு கிடைக்காமல் நாலு வருடப் படிப்பும் பணமும் போய்விடும். பி.எஸ்சி. என்றால் கல்லூரி ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, ஜி.என்.எம். என்றால் கர்நாடக அரசு டிப்ளமோ நர்சிங் தேர்வு வாரியத்தின் கீழ் வருகிறதா, கர்நாடக நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் ஒரு நாள் அங்கே போய், அந்தக் கல்லூரிச் சீருடையில் பிள்ளைகள் வார்டில் நிற்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பணத்துக்காகத் தயங்குகிறவர்கள் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வீடு, நகை எதையும் ஈடாகக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் உங்களோடு வருகிறேன்.

முதலாம் பி.யூ.சி. பெற்றோர் ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இடங்களுக்கு கேசிஇடி என்ற கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும், அதற்கான விண்ணப்பம் ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த ஜனவரியிலேயே என்னைக் கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் நூலகத்தில் இருப்பேன். மார்க் கார்டின் நகலைக் கொண்டுவாருங்கள், ஒரிஜினலை வீட்டிலேயே வையுங்கள். பிள்ளையும் கூட வரட்டும். இந்தத் தடவை மூன்று வரிகளையும் உங்கள் கண் முன்னால் நானே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்