ஜாக் ஃபோர்ட் என்ற பெயரிலும் தேடிப் பாருங்கள்

உலகத் திரைப்படக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜான் ஃபோர்டை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை நான்கு முறை வாங்கியவர். அதில் ஒன்றுகூட வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படத்துக்கு இல்லை என்பது தனி வேடிக்கை. ஆனால் நான் எழுதுவது 1917இல் யுனிவர்சல் ஸ்டுடியோவில் கௌபாய் படங்களாக எடுத்துத் தள்ளிய 23 வயது இளைஞரைப் பற்றி.

ஹாரி கேரியை நாயகனாக வைத்தே இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெரும்பாலானவை இன்று இல்லை. மிஞ்சியிருந்த மௌனப்பட நெகடிவ்களை யுனிவர்சலே 1948இல் அழித்துவிட்டது. ஃபோர்ட் அடுத்துப் போன ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் நியூ ஜெர்சி படக் கிடங்கு 1937இல் தீக்கிரையானது.

பிழைத்தவற்றில் சில வெளிநாடுகளில்தான் கிடைத்தன. 'ஸ்ட்ரெயிட் ஷூட்டிங்' செக்கோஸ்லோவாக்கியாவில், 'பக்கிங் பிராட்வே' பிரான்ஸில், 'அப்ஸ்ட்ரீம்' நியூசிலாந்தில். ஓடி முடிந்த படப்பெட்டியைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாமல் அங்கேயே தங்கிய பிரதிகள் பல. கஞ்சத்தனமும் சில நேரம் கலையைக் காப்பாற்றுகிறது!

ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) கடைசிக் காட்சியில் வாசலுக்கு வெளியே நிற்கும் ஜான் வெய்ன், இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அது ஹாரி கேரியின் பாணி. கேரியின் மனைவி ஆலிவும் அந்தப் படத்தில் நடித்திருக்கிறார். 1917இல் வந்த 'ஸ்ட்ரெயிட் ஷூட்டிங்' பிரதி கிடைத்ததால்தான் அந்தக் கையையும், கதவுச் சட்டத்துக்குள் ஆளை நிறுத்தும் ஃபோர்டின் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே நாம் பார்க்க முடிகிறது. மாறாக, கேரிக்குக் காணிக்கையாக்கிய '3 காட்ஃபாதர்ஸ்' (1948) கையில் இருக்கிறது. அதே கதையைக் கேரியை வைத்து 1919இல் எடுத்த 'மார்க்டு மென்' இல்லை. எதோடு ஒப்பிடுவது?

எனவே ஒரு வேண்டுகோள். 1923க்கு முந்தைய படங்களில் அவர் பெயர் ஜாக் ஃபோர்ட். ஜான் என்று மட்டும் தேடினால் அகப்படாது. படப்பெயரும், காட்சிகளுக்கிடையே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளும் உங்கள் மொழிக்கு மாறியிருக்கலாம். கேரியின் முகம் மாறியிருக்காது. அடையாளம் தெரியாத சுருள்களின் நிழற்படங்களை இணையத்தில் போடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் பெயர் தெரியாத படங்களைத் திரையிட்டு, பார்வையாளர்களிடமே அடையாளம் கேட்டதே, அதுபோல. அரைச் சுருளாக இருந்தாலும் துண்டு என்று ஒதுக்காமல் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மௌனப்பட ரசிகன் ஒருவன்