பாட்டைச் சொன்னீர்கள், பாடுவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'மனதுக்குத் தெம்பு தரும் மேடைப் பாடல்கள்' என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. நியூயார்க்கின் பிராட்வே, லண்டன் மேடைகளின் பாட்டுகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தவன் நான். அதனால் முதலில் நன்றி, அப்புறம்தான் சண்டை.

எந்த வருடம், யார் இசை, எந்தப் பாடகர் இசைத்தட்டில் பாடிப் பிரபலமானது என்பதையெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் நாடகத்தில் அந்தப் பாட்டைப் பாடுவது யார், எந்த நேரத்தில் பாடுகிறார், எதிரில் நிற்பது யார் என்று ஒரு பாட்டுக்குக்கூட ஒரு வரி இல்லை. சினிமாப் பாட்டென்றால் 'சிச்சுவேஷன் என்ன' என்று முதலில் கேட்கிற ஆட்கள் நாம், இதில் மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? 'வருகலாமோ' என்று நந்தனார் சரித்திரத்தில் கேட்பவன் நந்தன், அவனை வெளியே நிற்கவைத்துக் கேட்க வைத்தது எது என்பது தெரியாமல் கேட்டால் ராகம் மட்டும்தான் காதில் விழும். இந்தப் பாட்டுகளும் அப்படித்தான். சிலவற்றில் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது.

முதலில் 'சம்மர்டைம்'. "நிறைவான குடும்ப வாழ்வைச் சொல்லும் இதமான தாலாட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். தாலாட்டு என்பது சரி. 1935-ல் ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையில் பிராட்வேயில் மேடையேறிய 'போர்கி அண்ட் பெஸ்' தொடங்கிய உடனே வருவது அது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் கடற்கரையை ஒட்டிய கறுப்பின மக்களின் ஏழைக் குடியிருப்பு ஒன்று. கிளாரா என்கிற இளம் தாய், உன் அப்பா பணக்காரர், அம்மா அழகி, பருத்தி விளைந்து நிற்கிறது, நாங்கள் பக்கத்தில் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் வராது என்று கைக்குழந்தைக்குப் பாடுகிறாள். அந்த அப்பா ஜேக் ஒரு மீனவன், பணமாவது ஒன்றாவது. ஓலைக் குடிசையில் தூளி கட்டிவிட்டுத் தங்கத் தொட்டில், முத்துச் சரம் என்று நம் அம்மாக்கள் பாடுவார்களே, அதே அழகான பொய். ஆனால் நாடகம் அந்தப் பொய்யைச் சும்மா விடுவதில்லை. புயலில் ஜேக்கின் படகு கவிழ்ந்து மிதப்பதைப் பார்த்த கிளாரா, பிள்ளையை நாடகத்தின் நாயகி பெஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறாள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே திரும்பவில்லை. பிறகு பெஸ் அந்த அநாதைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதே தாலாட்டைப் பாடும்போது அதை 'நிறைவான குடும்ப வாழ்வு' என்று எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு, அதனால் கோபமும் அதிகம். 'சென்ட் இன் தி க்ளவுன்ஸ்' பாட்டை "சர்க்கஸ் நினைவுகளைக் கிளறுவது" என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அதில் சர்க்கஸே கிடையாது. 1973-ல் ஸ்டீபன் சோன்ட்ஹைம் எழுதி இசையமைத்த 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்தில் டெசிரே என்ற நடிகை பாடுவது. நடுவயது தாண்டிக்கொண்டிருப்பவள். பழைய காதலன் ஃப்ரெட்ரிக் ஒருகாலத்தில் கேட்டபோது வேண்டாம் என்றவள், இப்போது வெட்கத்தை விட்டு என்னோடு வந்துவிடு என்று அவளே கேட்கிறாள். அவனோ பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அந்தக் கனவிலிருந்து வெளியே வர முடியாமல் தடுமாறுகிறான். முடியாது என்கிறான். அந்த 'முடியாது' காதில் விழுந்த நிமிடத்தில் பிறக்கிற பாட்டு அது.

கோமாளிகள் எங்கே வந்தார்கள் என்றால், அவள் நாடகக்காரி. காட்சி படுத்துவிட்டால், ஜனங்கள் எழுந்து போகிறதுபோல் இருந்தால், கோமாளியை உள்ளே விட்டு ஒப்பேற்றச் சொல்வது நாடகக்காரர்களின் பேச்சு. நம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், 'பபூனை அனுப்பு' என்பதுதான் அது. என் வாழ்க்கைக் காட்சி சொதப்பிவிட்டது, பபூனை அனுப்புங்கள் என்கிறாள். கடைசியில், வேண்டாம், நாமே இரண்டு பபூன்கள்தானே, ஏற்கெனவே வந்துதானே நிற்கிறோம் என்று முடிக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. டெசிரேயாக நடித்த க்ளினிஸ் ஜான்ஸ் என்ற நடிகைக்குக் குரல் இனிமை, ஆனால் மூச்சைப் பிடித்து ஸ்வரத்தை நீட்டிப் பாட வராது. ஒத்திகை நடக்கும்போதே சோன்ட்ஹைம் அவருக்காக இந்தப் பாட்டை எழுதினார். வரிகளைக் குட்டிக் குட்டியாக வெட்டி, பாதிக்கு மேல் கேள்விகளாக வைத்து, இழுக்கவே முடியாத மெய்யொலிகளில் சொற்களை முடித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவருக்கும் மூச்சு அப்படித்தானே துண்டுதுண்டாக வரும். ஒரு நடிகையின் குறை பாத்திரத்தின் வலியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு பெரிய பெரிய பாடகர்கள் இதை நீட்டி முழக்கிப் பாடியிருக்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அதில் டெசிரே கிடைப்பதில்லை.

'டோன்ட் க்ரை ஃபார் மீ அர்ஜென்டினா' பாட்டை "தாய்நாட்டுப் பாசத்தின் உருக்கம்" என்று சொல்லிவிட்டீர்கள். ஈவா பெரோன் பாடுகிறார், கணவர் அர்ஜென்டினாவின் அதிபர் தேர்தலில் ஜெயித்திருக்கிறார், மாளிகை மாடத்தில் நகையும் பட்டுமாக நின்றுகொண்டு கீழே இருக்கிற கூட்டத்திடம் பணமும் புகழும் நான் கேட்டு வந்தவையல்ல என்கிறார். அரசியல் மேடையில் கண் கலங்குவதை நாம் பார்க்காததா! 'எவிட்டா' நாடகத்தில் அவர் சொல்வதையெல்லாம் குத்திக்காட்டிக்கொண்டே சே என்றொரு பாத்திரம் வருகிறது. பாட்டு முடிந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்டதும் ஈவாவுக்கு வருகிற பெருமிதத்தைப் பார்த்தால் அந்த உருக்கத்தின் மேல் நமக்குச் சந்தேகம் வந்துவிடும். நாடகம் லண்டனில் மேடையேறியது 1978-ல், பாட்டு அதற்கு முன்பே ஆல்பத்தில் வந்து இங்கிலாந்தில் முதலிடம் பிடித்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, உருக்கம் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது, சந்தேகம் மேடையிலேயே தங்கிவிட்டது.

'மேக் தி நைஃப்' இன்னும் மோசம். துள்ளலான பாட்டாம்! 1928-ல் பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்ட், இசையமைப்பாளர் கர்ட் வைல் இருவரும் போட்ட 'த்ரீபென்னி ஆபரா'வில் தெருப்பாடகன் ஒருவன் கொலைச்சிந்து மாதிரி பாடுவது அது. சுறாவின் பல்லாவது வெளியே தெரியும், மெக்கீத் என்கிற கொள்ளைக்காரனின் கத்தி கண்ணிலேயே படாது என்று ஆரம்பித்துக் கொலை, கொள்ளை, தீவைப்பு, பாலியல் வன்முறை என்று மெக்கீத்தின் கணக்கை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். குழந்தைகள் தீயில் கருகிய கதையும் அதில் உண்டு, 1959-ல் பாபி டாரின் பாடிப் பெரும் வெற்றி பெற்ற பதிவில் அந்தச் சரணம் கிடையாது.

'யூ வில் நெவர் வாக் அலோன்' பற்றி லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் பாட்டு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அது பொய்யில்லை. 1963-ல் அந்த ஊர் இசைக்குழு ஒன்று பாடியதிலிருந்து மைதானத்துக்குப் போனது. ஆனால் 1945-ல் வந்த 'கேரசல்' நாடகத்தில் அது இழவு வீட்டுப் பாட்டு. பில்லி என்பவன் கொள்ளையடிக்கப் போய் மாட்டிக்கொண்டு தன் கத்தியிலேயே விழுந்து சாகிறான், வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற அவன் மனைவி ஜூலியைத் தேற்ற உறவுக்காரி நெட்டி பாடுகிறாள். இந்த பில்லி பெண்டாட்டியை அடித்தவன் என்பதுதான் சிக்கல். அப்படிப்பட்டவனுக்காக அழுகிற பெண்ணுக்கு என்ன ஆறுதல் சொல்வது? தலை நிமிர்ந்து நட என்பதைத் தவிர நெட்டியிடமும் வேறு வார்த்தை இல்லை. நாடகம் அவனை ரொம்பச் சுலபமாக மன்னித்துவிடுகிறது என்பது என் கட்சி, அது வேறு விஷயம்.

இவ்வளவு பேசிவிட்டு, என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 'ஓல் மேன் ரிவர்' பாட்டை நீங்கள் கறுப்பின மக்களின் பழைய நாட்டுப்புறப் பாடல் என்று எழுதியது பிழை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1927-ல் 'ஷோ போட்' நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையில் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதியது. மிசிசிப்பிக் கரையில் மூட்டை தூக்கும் ஜோ, வாழவும் அலுத்துவிட்டது, சாகவும் பயமாக இருக்கிறது, நதி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பாடுகிறான். மேடையிலும் திரையிலும் ஜோவாக நடித்துப் புகழ்பெற்ற பால் ராப்சன், பின்னாளில் கச்சேரிகளில் அந்த வரியையே மாற்றி, சாகும்வரை போராடிக்கொண்டிருப்பேன் என்று பாட ஆரம்பித்தார். அது ஜோ சொல்கிற வார்த்தையே இல்லை. பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் பாடினார், அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜோவின் வாழ்க்கையை உள்ளும் புறமும் தெரிந்தவர் செய்த மாற்றம் அது. முதல் வரியும் மாற்றிய வரியும் இரண்டும் தெரிந்தால்தான் அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் புரியும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி என்று போட்டிருக்கிறீர்கள். பாட்டின் பெயருக்குக் கீழே பாத்திரத்தின் பெயர், யாரிடம் பாடுகிறார், சற்று முன் என்ன நடந்தது, இவ்வளவு போதும், இரண்டு வரிக்கு மேல் ஆகாது. இடம் போதாதென்றால் பாடகர்களின் புகைப்படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு திருத்தமும் போடவேண்டும். 'எடல்வைஸ்' ஆஸ்திரியாவின் தேசிய கீதமும் இல்லை, அந்த நாட்டு நாட்டுப்புறப் பாடலும் இல்லை. 1959-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்காக, மேலே சொன்ன அதே ஹாமர்ஸ்டைன் நியூயார்க் மேடைக்கு எழுதிக் கொடுத்தது. அவர் எழுதிய கடைசிப் பாட்டு அதுதான், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்