ராத்திரியில் மெத்தை சுமந்த வாத்தியார்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாஸ்டனில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே.

புதிதாகக் கட்டிய சமுதாயக் கூடத்தில் யார் பேசினாலும் ஒரு வார்த்தை புரியவில்லை, மைக் செட்டை மாற்றியும் பிரயோஜனம் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் வாலஸ் சேபின் ஞாபகம்தான் வந்தது. போன வாரம்தான் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த அரங்கில் உட்கார்ந்து கச்சேரி கேட்டுவிட்டு வந்தேன்.

சேபின் ஹார்வர்டில் இயற்பியல் வாத்தியார். 1895-இல் அவருக்கு 27 வயது. அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்திலும் உங்கள் கூடத்தின் கதைதான். வாயிலிருந்து வந்த ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆகும். அதற்குள் பேசுகிறவர் இன்னும் பத்துச் சொல் பேசியிருப்பார். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எல்லாம் இரைச்சலாகிவிடும். இதைச் சரிசெய்து கொடு என்று பல்கலைக்கழகத் தலைவர் எலியட் அவரிடம் ஒப்படைத்தார். அரங்கில் நல்ல ஒலி அமைவது அதிர்ஷ்டம் என்று கட்டடக் கலைஞர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பகலில் டிராம் சத்தமும் மாணவர் சத்தமும் இருக்கும் என்பதால் அவர் நள்ளிரவுக்கு மேல்தான் வேலையைத் தொடங்குவார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கிவந்து கூடத்தில் போடுவார். ஆர்கன் என்ற காற்று வாத்தியத்தின் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் குறிப்பார். இன்னும் சில மெத்தை, இன்னொரு அளவு. விடிவதற்குள் அத்தனையும் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். மெத்தை கூடக்கூட எதிர்முழக்கம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், குறைந்தது. எல்லாவற்றையும் போட்டபோது 1.14 வினாடிக்கு வந்து நின்றது.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. ஒரு கட்டத்தில் அளவுகள் லேசாக முன்பின் ஆகின. தேடிப் பார்த்தால் காரணம் அவர் உடுப்பு! அவர் போட்டிருந்த துணியும் கொஞ்சம் ஒலியை உறிஞ்சியிருக்கிறது; உடுப்பு மாறினால் அளவும் மாறியிருக்கிறது. 3,000-க்கும் மேற்பட்ட அளவுகளை அப்படியே தள்ளிவிட்டு, கோட்டு முதல் பூட்ஸ் வரை ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை இரவுகள் போயிருக்கும், யோசித்துப் பார். அந்த நேர்மைக்கு முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை.

1898-இல் பாஸ்டனுக்குப் புதிய இசையரங்கு கட்டப் போகிறார்கள், உதவ முடியுமா என்று கேட்டார்கள். அவர் தயங்கினார். கையில் எண்கள் இருந்தனவே தவிர விதி பிடிபடவில்லை. அக்டோபரில் ஒரு நாள் மாலை, வீட்டில் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அம்மா, இது அதிபரவளையம்!" என்று கத்தினாராம். நீ முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த அதே வளைகோடு. உறிஞ்சும் பரப்பையும் ஒலி அடங்கும் நேரத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண். கூடம் பெரிதானால் அந்த எண்ணும் அதற்கேற்பப் பெரிதாகும். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? அதனால் திறந்த ஜன்னலையே உறிஞ்சலுக்கு அளவுகோலாக வைத்தார்.

அந்த விதியை வைத்துக் கட்டிய சிம்ஃபனி ஹால் 1900 அக்டோபர் 15-இல் திறந்தது. செருப்புப் பெட்டி மாதிரி நீளமான, உயரமான கூடம். மேலே சுவர் மாடங்களில் 16 சிலைகள். நான் பால்கனியில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தேன். ஒரு வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டு விரலால் தந்தியை மெல்லச் சுண்டினார். அது என் பக்கத்தில் சுண்டியது போல வந்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் கரைந்தது.

சரி, உங்கள் கூடத்துக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து அனுப்பு. சுவர், தரை, கூரை எதனால் ஆனவை, எத்தனை ஜன்னல், நாற்காலி பிளாஸ்டிக்கா மெத்தை வைத்ததா, வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் எழுது. உட்கார்ந்திருக்கும் ஆட்களே நிறைய ஒலியை உறிஞ்சிவிடுவார்கள். கன அளவை 0.16-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (எல்லாப் பரப்பும் சேர்ந்து எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்ற எண்) வகுத்தால் ஒலி அடங்கும் வினாடி வந்துவிடும். நீயே போட்டுவிடுவாய், நானும் இங்கிருந்து போட்டுப் பார்க்கிறேன். அப்புறம் ஒரு ராத்திரி கூடம் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஓங்கி ஒரு தரம் கைதட்டி, செல்போனில் பதிவுசெய்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி