பீரோவில் இருக்கும் படக்கதைகள்: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறக்கப் போகிறது. முதல் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டிய படக்கதைப் புத்தகங்களின் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் உள்ள புத்தகங்களை யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பகிர்ந்து கொள்வது, சொன்ன பேச்சைக் கேட்பது, சுத்தமாக இருப்பது என்று எந்தப் புத்தகத்தில் எந்த நீதி இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மற்ற மாதங்களில் எப்படியோ, முதல் வாரத்துக்கு அது ஒத்தே வராது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் வாரத்தில் வந்து உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாது, அம்மா எப்போது வருவார் என்றும் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் போய், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுத குட்டி யானை கடைசியில் எப்படித் திருந்தியது என்கிற மாதிரிக் கதையை நாம் வாசிக்கிறோம். கதையில் பாதி வரைக்கும் யானை அழுதுகொண்டே இருக்கும். நான்காவது பக்கம் வரும்போது, அதுவரை பேசாமல் இருந்த ஒரு பிள்ளைக்கு உதடு துடிக்க ஆரம்பிக்கும், அதைப் பார்த்து அடுத்த பிள்ளைக்கு, அப்புறம் கடைசிப் பக்கத்தில் யானை சிரித்ததை யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் போகட்டும், பள்ளி பழகிய பிறகு வாசித்தால் யானையைப் பார்த்துப் பிள்ளைகளே பெரிய மனுஷத்தனமாக ஆறுதல் சொல்வார்கள்.

முதல் வாரத்துக்கு வேண்டியது, பிள்ளை வாயைத் திறக்க இடம் கொடுக்கிற புத்தகம். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை அந்த வரி வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பே சொல்லிவிடும். கூச்சப்படுகிற பிள்ளையும் சேர்ந்து சொல்லும், ஏனென்றால் அத்தனை குரலுக்கு நடுவே தன் குரல் தனியாகக் கேட்காது என்று அதற்குத் தெரியும்.

இன்னொரு வகை, எழுத்து சொல்லாததைப் படம் சொல்கிற புத்தகம். பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோஸிஸ் வாக்' என்ற ஆங்கிலப் படக்கதையில் மொத்தம் 32 சொற்கள்தான். ஒரு கோழி நடந்து போகிறது, திரும்பி வருகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் படத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பின்னாலேயே வருகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது! வாசிக்கிறவர் நரியைக் கண்டுகொள்ளாதவர் போல வாசிக்க, பிள்ளைகள் 'பின்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க' என்று கத்துவார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியாத பிள்ளைக்கும், வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைக்கும் இங்கே வாசிக்கிறவரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. முதல் வாரத்தில் இதைவிட என்ன வேண்டும்?

புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காரும் ஒருவருக்குக் காட்டியும் பாருங்கள். படம் பொடியாக இருந்தாலோ, முக்கியமான ஆள் இரண்டு பக்கமும் சேரும் மடிப்புக்குள் போய்விட்டாலோ, வழவழப்பான தாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தாலோ, எவ்வளவு அருமையான கதையானாலும் பின்னால் இருப்பவர்களுக்கு அது வெறும் சத்தம்தான்.

நிறையத் தலைப்புகள் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஜெசிகா ஹார்ஸ்ட்டும் அவருடன் இருந்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வேறு வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பக் கேட்ட குழந்தைகள்தான் அதில் வந்த புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே நேற்று வாசித்ததையே இன்றும் வாசிக்கும் ஆசிரியரைப் பார்த்து 'பாடம் நகரவில்லையே' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்' என்று கேட்கச் சொல்லவும் வேண்டாம். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால், பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதல் வகுப்பு ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள். தனக்கே பிடிக்காத கதையை யாரும் நன்றாக வாசிக்க முடியாது. வாசித்து முடித்த புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள், ஒரு பிள்ளை அதை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே பக்கத்துப் பிள்ளைக்கு முழுக் கதையையும் சொல்லிக் காட்டும். கிழித்துவிடுவார்கள் என்று பயமா? கிழிந்தால் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். பீரோச் சாவியை மட்டும் பள்ளி திறக்கும் முன்பே அந்த ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஒருவன்